ஏன் இந்த ஒழுங்கு? ஆராதனை முறைமை பற்றித் தேத்தண்ணிக் கொட்டகையில் கேட்ட கேள்விகள்

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பது வழக்கம். பிரசங்கத்தின்போது அடக்கி வைத்த கேள்விகளெல்லாம் அங்கேதான் வெளியே வரும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள்தான் எங்கள் சபையில் அதிகம். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது சபைச் செயலாளர். ஒரே கேள்வியை நாலு பேர் நாலு வாரத்தில் கேட்டபிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் பேச்சை அப்படியே போட்டிருக்கிறேன். பதிலில் பிழை இருந்தால் அது என்னுடையது, போதகர் ஐயா தலையில் கட்ட வேண்டாம்.

டீச்சர், ஆராதனை முறைமைன்னா என்ன? அந்தப் பச்சை அட்டைப் புத்தகமா?

புத்தகம், அது எழுதி வைக்கப்பட்ட இடம். கூடி வந்ததிலிருந்து கலைந்து போகும்வரை எது முன், எது பின், எதை ஐயா சொல்வது, எதை நாம் சொல்வது என்ற ஏற்பாடுதான் முறைமை. நம்முடையதைச் சுருக்கமாகச் சொன்னால்: வந்து சேர்ந்து பாவ அறிக்கை செய்கிறோம், வசனம் கேட்கிறோம், நாம் நம்புவதை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லி ஊருக்காகவும் உலகத்துக்காகவும் ஜெபிக்கிறோம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எடுக்கிறோம், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

முறைமை இல்லாத சபை என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. "நாங்கள் எதையும் திட்டம் போடுவதில்லை" என்று சொல்லும் இடத்துக்கு மூன்று வாரம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வேகப் பாட்டு மூன்று, மெதுவான பாட்டு இரண்டு, காணிக்கை, பிரசங்கம், முன்னால் வரச் சொல்லி ஜெபம். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதாத முறைமையில் ஒரு சிரமம் உண்டு: அடுத்து என்ன என்பது மைக் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

பைபிளில் இது எங்கே இருக்கு? வசனம் காட்டுங்க.

எல்லாரும் எதிர்பார்க்கும் வசனம் 1 கொரிந்தியர் 14:40: "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது." ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மூன்று அதிகாரம் முன்னால் இருப்பது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முதலிலேயே வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று அந்தச் சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் திட்டுகிறார். திட்டி முடித்துவிட்டு அவர் கொடுக்கும் ஒழுங்கு ஒரே வரி: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" (11:33). இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதுதான்.

இத்தனை மணிக்கு இதைச் செய் என்ற பட்டியல் புதிய ஏற்பாட்டில் கிடையாது. அப்போஸ்தலர் 2:42-ல் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்கு இருக்கின்றன. எம்மாவு வழியில் நம் ஆண்டவர் முதலில் வேதத்தை விளக்கினார், பிறகு அப்பத்தைப் பிட்டார் (லூக்கா 24). கி.பி. 150 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற விசுவாசி, தங்கள் ஞாயிறு ஆராதனையை அரசருக்கு விளக்கி எழுதியிருக்கிறார்: வேத வாசிப்பு, போதனை, எல்லாரும் எழுந்து நின்று ஜெபம், அப்பமும் ரசமும், ஜனங்கள் சொல்லும் ஆமென், அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். நம் பச்சைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரிசை பெரிதாக மாறவில்லை.

வாரா வாரம் அதே வார்த்தை. வாய் பாட்டுக்குச் சொல்லுது, மனசு அடுப்புல வெச்ச கறியில இருக்கு. இது வீண் வார்த்தை இல்லையா?

"அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்பது மத்தேயு 6:7. அதைக் காட்டுகிறவர்கள் இரண்டு வசனம் தள்ளிப் படிக்க வேண்டும். இதைச் சொன்ன கையோடு இயேசு கற்றுக்கொடுத்தது மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு ஜெபம், பரமண்டல ஜெபம். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதும் 26 தடவை. திரும்பச் சொல்வது குற்றம் என்றால் அந்தச் சங்கீதத்தையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மனசு கறிக்குப் போவது உண்மைதான், என்னுடையதும் போகும். போன மனசு திரும்பி வரும்போது, பிடித்துக்கொள்ளத் தெரிந்த வரி ஒன்று அங்கே இருக்கிறது. புதிதாக ஒருவர் நீளமாக ஜெபித்துக்கொண்டே போனால், நடுவில் விட்டதை எங்கே பிடிப்பது? ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உதட்டளவில் கனம்பண்ணுகிறார்கள் என்று ஏசாயா கண்டித்தது முறையாகப் பலி செலுத்திக்கொண்டிருந்த ஜனத்தைத்தான். முறைமை மனசை உண்டாக்கித் தராது. அந்த வேலை நம்முடையது.

நான் இந்த வாரம் பெரிசா ஒரு பாவமும் செய்யலை. எதுக்கு வந்ததும் வராததுமா பாவ அறிக்கை?

இதைக் கேட்ட தம்பி அன்று காலைதான் கார் நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார் என்பதை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

ஏசாயா 6-ஐப் படியுங்கள். தூதர்கள் "பரிசுத்தர்" என்று பாடியதைக் கேட்டதும் தீர்க்கதரிசிக்கு முதலில் வந்த வார்த்தை, தன் உதடுகள் அசுத்தம் என்பது. நெருப்புத் தணல் அவர் வாயைத் தொட்டது, அதன்பிறகுதான் "யாரை அனுப்புவேன்" என்ற கேள்வி. துதி, அறிக்கை, மன்னிப்பு, வசனம், அனுப்புதல் என்ற நம் வரிசை அங்கேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. "நான் பாவஞ்செய்தேன்" என்பதை முதலாளியும் வேலை வாங்கும் மண்டோரும் கூலியும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையில் சொல்லுகிற இடம் இந்த ஊரில் வேறு எது?

எப்ப எழுந்திருக்கணும், எப்ப உட்காரணும்னே தெரியலை. வெட்கமா இருக்கு.

முன் பெஞ்சு ஆயாவைப் பாருங்கள், அவர் எழுந்தால் எழுந்திருங்கள். சுவிசேஷத்துக்கும் ஜெபத்துக்கும் நிற்கிறோம், மற்ற வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் உட்காருகிறோம். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கடைவீட்டு மாடிச் சபையில ஆவியானவர் சுதந்திரமா அசைவாடுறார். நீங்க புத்தகத்துல அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு என் மச்சான் சொல்றார்.

உங்கள் மச்சானுடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சபையில் ராத்திரி ஜெபத்துக்கு வருகிற கூட்டம் நம்மிடம் கிடையாது. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆனால் ஆவியானவர் திடீரென வருவதில் மட்டுமே இருக்கிறார், யோசித்துத் தயார் செய்ததில் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி ஐயா விளக்கை அணைக்காமல் பிரசங்கம் எழுதும்போது ஆவியானவர் எங்கே போயிருந்தார்?

கொரிந்து சபை வரங்கள் நிறைந்த சபை. அவர்களுக்குப் பவுல் வரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, முறை போட்டுக் கொடுத்தார். அந்நியபாஷை பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாமலிருக்கட்டும். தீர்க்கதரிசனம் சொல்லும்போது உட்கார்ந்திருக்கும் வேறொருவருக்கு வெளிப்பாடு வந்தால் முதலாவது பேசுகிறவர் நிறுத்தட்டும். பேசுகிறவர் நிறுத்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒழுங்கு மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு வாய் கொடுக்கிறது.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஜஸ்டின், திருவிருந்தில் ஜெபம் நடத்துகிறவர் "தம்மால் இயன்ற அளவு" சொந்தமாக நன்றி ஏறெடுத்தார் என்றுதான் எழுதுகிறார். சட்டம் போட்ட ஜன்னல் மாதிரி. சட்டத்துக்குள் காற்றுக்கு இடமிருந்தது. நம் சபையில் பொது ஜெபத்துக்கு நடுவே மௌனமாக விடும் இரண்டு நிமிடத்தை யாராவது பயன்படுத்தினால் நான் சந்தோஷப்படுவேன். இப்போது அதில் இருமல் சத்தம்தான் கேட்கிறது.

பாமாலையா, கீர்த்தனையா, கோரஸா? இந்தச் சண்டை எப்ப முடியும்?

முடியாது. 300 வருஷமாக நடக்கிறது. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபின், ஜெர்மன் பாட்டை அதே ராகத்தில் தமிழில் பாட வைத்தார்கள். அந்த வகைதான் பாமாலை. பிறகு இன்னொரு மிஷனரியான பப்ரிசியஸ் ஐயர் அந்தப் பாட்டுகளை நல்ல தமிழில் நிறைய மொழிபெயர்த்தார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம்முடைய ராக தாளத்திலேயே கீர்த்தனைகள் எழுதினார். முந்தினதும் பிந்தினதும் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தன. என் பாட்டி பால்வாளி கழுவிக்கொண்டே பாமாலை பாடுவார். ஜெர்மன் ராகம் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

என்னைக் கேட்டால் வகையைவிட இடம் முக்கியம். பாவ அறிக்கைக்குப் பிறகு வரும் பாட்டு மன்னிப்பைப் பற்றியதா? திருவிருந்தில் பாடும்போது வரிசையில் நிற்கும் ஆயாவுக்குப் புத்தகம் இல்லாமல் வருமா? அங்கே திரும்பத் திரும்ப வரும் சின்னக் கோரஸ்தான் பொருத்தம். போன ஈஸ்டருக்கு நடந்ததுபோல் "கல்லறை திறந்தது" என்று ஐயா வாசித்து முடித்தவுடன் கீபோர்டு தம்பி சோக ராகம் எடுப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

நம்ம கெடாவுல வெள்ளி, சனிதானே லீவு. ஞாயிறு வேலை. வெள்ளிக்கிழமை ஆராதனை வெச்சா ஒழுங்கு கெட்டுப்போகாதா?

கெடாது. கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்களுக்குத்தான் இது விசித்திரம். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், அதனால்தான் அது நமக்குத் தலையான நாள். ஆனால் அது ஓய்வு நாளாக ஆனது பின்னால்தான்: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-ல் ஆணை போட்ட பிறகு. அதற்கு முந்தின ஏறக்குறைய 300 வருஷம் விசுவாசிகளுக்கு ஞாயிறு வேலை நாள்தான்.

அப்போது என்ன செய்தார்கள்? கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி என்ற அதிகாரி பேரரசருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகத் துதித்து மாறி மாறிப் பாடிவிட்டுக் கலைவார்கள், பிறகு மறுபடி சாப்பாட்டுக்குக் கூடுவார்கள் என்கிறார். விசாரிப்பதற்காக அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். விடியுமுன் என்றால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் நம் பெரட்டு நேரம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சபையை விளக்க வேண்டியதில்லை. நாம் வெள்ளி காலை முழு ஆராதனையும் ஞாயிறு மாலை சுருக்க ஜெபமும் வைத்திருப்பது இதை யோசித்துத்தான்.

ஐயா மூணு ஊர் பார்க்கிறார். அவர் வராத வாரம் நாமளே நடத்தினா அது ஆராதனையா?

ஆராதனைதான். தோட்டத்துச் சபைகள் பலவும், போதகர் இல்லாத நேரம் சபையை நடத்திய உபதேசியார்களாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த தோட்டத்து அலுவலகக் கிராணி ஒருவராலும்தான் பிழைத்தன. முறைமை எழுதப்பட்டிருந்ததால் அவர்களால் நடத்த முடிந்தது. ஒரு மனிதரின் பேச்சுத் திறமையில் நிற்கும் ஆராதனை, அவர் வராவிட்டால் நின்றுபோகும்.

நம் சபையில் ஐயா இல்லாத வாரம் இரண்டு மாற்றம் மட்டும். பாவ மன்னிப்பு கூறும் இடத்தில் நடத்துகிறவர் 1 யோவான் 1:9-ஐ வாசிப்பார். திருவிருந்து இருக்காது. பிரசங்கம் வரவில்லை என்றால் வாசித்த வசனத்தை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள், போதும். கதை சொல்ல வேண்டாம்.

ராத்திரி ஷிப்டு முடிச்சு வரேன். பாதியிலதான் வர முடியுது. பேசாம வராமலே இருந்திடலாமா?

கூலிம் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, பசியாறாமல் நேராக வருகிறவர் கேட்டது. தயவுசெய்து வாருங்கள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டுவார், அங்கிருந்து நீங்கள் எங்களோடு.

இங்கேதான் இரண்டாம் பதிலில் சொன்ன 11:33 வருகிறது. மூப்பர்கள் கூடிப் பேசி, திருவிருந்து எட்டே முக்காலுக்கு முன் தொடங்குவதில்லை என்று தீர்மானித்தோம். பிரசங்கம் சீக்கிரம் முடிந்தால் ஒரு பாட்டு கூடப் பாடிக் காத்திருப்போம். சிலர் முணுமுணுத்தார்கள், பெரும்பாலும் அடுப்பில் கறி வைத்துவிட்டு வந்தவர்கள்.

என் பேரன் மலாய்ப் பள்ளி. தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. இந்த முறைமை அவனுக்கு எதுக்கு?

அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வதற்கு மாறாத வார்த்தை வேண்டும். அவன் பூட்டி எந்த எழுத்தும் படிக்காதவர், விசுவாசப் பிரமாணத்தைத் தடுக்காமல் சொல்வார். ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுத்திருக்கிறோம், பின் அலமாரியில் இருக்கிறது. தமிழாசிரியையான எனக்கு அதை அச்சடிக்கக் கை நடுங்கியது. ஆனாலும் எழுத்துக்காக ஒரு பிள்ளையை வெளியே நிறுத்த மனசு வரவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டீச்சர், கோபப்படாதீங்க. இவ்வளவு ஒழுங்கு பேசுறீங்க, அந்தக் காலத்துல ஆலயத்துல சாதி பார்த்து உட்கார வெச்சாங்களே? அதுவும் ஒழுங்குதானே?

கோபமில்லை. இதுதான் வந்த கேள்விகளில் கடினமானது. ஆமாம், அதற்கும் ஒழுங்கு என்றே பெயர் வைத்திருந்தார்கள். தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பலர் சபையை விட்டே போனார்கள். மேலே புகழ்ந்து எழுதினேனே வேதநாயகம் சாஸ்திரியார், அவரும் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றவர். பாட்டு நன்றாக இருப்பதால் இதை மறைக்க முடியாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நாங்கள் போன தோட்டத்து ஆலயத்தில் முன் பெஞ்சு கிராணி குடும்பத்துக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. என் அப்பா மழைக்கு நனைந்தபடி ஒருமுறை அங்கே உட்காரப் போனார். உபதேசியார் வந்து காதில் ஏதோ சொன்னார். அப்பா எழுந்து பின்னால் வந்தார். அன்று ஆராதனை ஒரு வார்த்தை பிசகாமல் நடந்தது. ஆகவே ஒரு ஒழுங்கு நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை பவுலுடையதுதான்: கடைசியில் வருகிறவனுக்கு அதில் இடமிருக்கிறதா? இல்லையென்றால் அதை மாற்ற வேண்டும், புத்தகத்தில் இருந்தாலும் சரி.

அப்படின்னா யார் வேணும்னாலும் மாத்தலாமா?

யார் வேண்டுமானாலும் என்றால் கூடாது. சபை கூடி மாற்றலாம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1526-ல் ஜெர்மன் மொழி ஆராதனை முறையை வெளியிட்டபோது, இதை யாரும் கட்டாயச் சட்டமாக்க வேண்டாம் என்று முன்னுரையிலேயே எழுதினார். லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கை ஏழாம் பிரிவும், சடங்குகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சுவிசேஷத்திலும் ஞானஸ்நானம், திருவிருந்து என்ற திருவருட்சாதனங்களிலும் ஒருமனம் இருந்தால் போதும் என்கிறது. நம் பெரியவர்கள் 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைப் பார்த்திருப்பார்கள். அந்தத் திருச்சபையினர் 1950-ல் கொண்டுவந்த திருவிருந்து முறையில் சமாதானத்தைக் கையோடு கை கொடுத்துப் பரிமாறுவதைச் சேர்த்தார்கள். நாமும் செய்கிறோம். அப்பாவை எழுப்பிவிட்ட பெஞ்சின் வாரிசுகள் இன்று எனக்குக் கை கொடுக்கிறார்கள்.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை தானாக முடிவெடுத்து விசுவாசப் பிரமாணத்தைத் தள்ளிவிடுவது வேறு. அது யாருக்காக மாற்றியது என்று அவரையே கேட்டோம். நேரம் மிச்சம் என்றார். அடுத்த வாரம் திரும்பப் போட்டுவிட்டோம்.

சாவு வீட்டுல பாதிப் பேர் இந்து சொந்தம். அங்கேயும் இந்தப் புத்தகம் எதுக்கு? மனசுல தோணுறதைச் சொல்லி ஜெபிக்கக்கூடாதா?

ஜெபிக்கலாம், அதற்கு இடமும் உண்டு. ஆனால் சாவு வீட்டில் மனசில் என்ன தோன்றும்? இரண்டு வருஷத்துக்கு முன் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரை அடக்கம் செய்தோம், நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஐயாவாலேயே பேச முடியவில்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று வாசிக்கத் தொடங்கியதும் வார்த்தைகள் எங்களைத் தூக்கிக்கொண்டு போயின.

இறந்தவரின் மைத்துனர் நெற்றியில் விபூதியோடு என் பக்கத்தில் நின்றார். குழியருகே "அடுத்து என்னம்மா?" என்று கேட்டார். வரியைக் காட்டினேன். என் புத்தகத்தை வாங்கி, மண் போடும் இடம் வரை விரல் வைத்துக்கொண்டே வந்து, எங்களோடு சேர்ந்து ஆமென் சொன்னார்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

தாராளமாக. 2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஆலயம் பூட்டியிருந்த மாதங்களில், தனியாக இருந்த ஆயாக்கள் இந்தப் புத்தகத்தை வைத்து ஐயா பங்கையும் சபை பங்கையும் தாங்களே சொல்லி ஆராதனை செய்தார்கள். அப்போது எடுத்துப் போன பதினொரு பிரதிகள் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளி கொண்டுவந்து விடுங்கள்.